ஏவலும் வினாவும்

சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை சற்றே ஓய்ந்திருந்த வேளையில், எமது பழைய மாணவர் ஒருவர் எம் இல்லம் வந்தார். கொழும்பிலே மென்பொருள் எழுதும் நிறுவனம் ஒன்றில் நல்ல பதவியில் இருப்பவர். பூனாகலையில் லயத்துக் காம்பரா ஒன்றில் பிறந்து வளர்ந்தவராதலின், பிறந்த மண்ணுக்கு ஏதேனும் செய்யவேண்டும் என்னும் ஆவல் அவருக்கு எப்போதும் உண்டு. அந்த ஆவலினால், அப்பகுதிப் பாடசாலை ஒன்றுக்கு வரவு இடாப்பைக் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் பதிவதற்கு ஒரு மென்பொருளைச் சதம் வாங்காமல் எழுதிக் கொடுத்திருந்தார்.

வந்தவர் தேநீரைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எம்முன் வைத்தார். பாடசாலை ஆசிரியை ஒருவர் தம் கைப்பட எழுதிய தாள் அது. மூன்று மாற்றங்கள் வேண்டும் என்று அதிலே கண்டிருந்தது. ஒன்று, ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்குப் பக்கத்திலும் இலக்கம் எழுத ஒரு கட்டம் வேண்டும். இரண்டு, பெயர் எழுத இன்னொரு கட்டம் வேண்டும். மூன்று, காலை எட்டு மணிக்கு இடாப்பு தானாகவே பூட்டிக்கொள்கிறதே, அந்தப் பூட்டை எடுத்துவிட வேண்டும்.

"மூன்றையும் செய்ய ஒரு மாலைப் பொழுது போதும், சேர்! ஆனால் செய்தால் மென்பொருள் குட்டிச்சுவராகிவிடும். செய்யாவிட்டால் டீச்சர் மனம் வருந்துவார். நான் என்ன பதில் எழுதட்டும்?" என்றார்.

"இவற்றை அவர் எதற்காகக் கேட்கிறார்?" என்று வினவினோம்.

மாணவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபக்கம் வெறுமையாக இருந்தது. "அது எழுதப்படவில்லையே, சேர்" என்றார்.

தமிழ் கற்பிப்பவர் என்ற முறையில் எமக்கு அப்போது நன்னூல் நினைவுக்கு வந்தது. பவணந்தி முனிவர் வினாவை ஆறு வகையாக வகுத்தார் என்பதை உயர்தர வகுப்பு மாணவர் அனைவரும் அறிவர். பரீட்சை முடிந்த மறுநாள் மறந்தும் விடுவர். தாம் அறிந்த ஒன்றையே மாணவன் அறிந்தானா என்று பார்க்க ஆசிரியர் கேட்பது அறிவினா. அறியாதவன் அறிய வேண்டிக் கேட்பது அறியா வினா. ஐயத்தால் எழுவது ஐய வினா. கடைக்காரரிடம் போய்ப் "பருப்பு இருக்கிறதா?" என்பது கொளல் வினா. எஞ்சியவை கொடையும் ஏவலும்.

இவற்றுள் கொளல் வினாவை வாசகர்கள் சற்று உற்றுநோக்க வேண்டும். பருப்பு இருக்கிறதா என்று கேட்பவருக்கு வேண்டியது அந்தச் செய்தியன்று, பருப்பு. "இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வாளாவிருக்கும் கடைக்காரர் இலக்கணப்படி விடை கூறியவராவார்; ஆனால் கடை நடத்தத் தெரியாதவர். சொல்லின் வடிவம் ஒன்று, உள்ளத்தின் வேண்டுகை வேறு என்பதை ஏழு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட அந்நூல் எவ்வளவு எளிதாகக் காட்டிவிட்டது! ஆசிரியையின் தாளும் அவ்வாறானதே. "கட்டம் போடு, பூட்டை எடு" என்று ஏவல் வடிவிலே அது இருக்கிறது. உள்ளே இருப்பது ஏதோ ஒரு தேவை. அத்தேவை இன்னதென அறியாமல் ஏவலை அப்படியே நிறைவேற்றுவதும் ஒன்றே, முகத்தில் அடித்தாற்போல் மறுப்பதும் ஒன்றே.

ஆகவே கேட்கத்தான் வேண்டும். ஆனால் எப்படிக் கேட்பது?

"ஏன்" என்பது இரண்டெழுத்துச் சொல்தான். எனினும் நம் வீடுகளில் அது புழங்கும் விதத்தை எண்ணிப் பாருங்கள். "ஏன் பிந்தி வந்தாய்?" "ஏன் இந்தப் புள்ளி?" "ஏன் சோறு மீந்து கிடக்கிறது?" இவற்றுள் எது காரணம் கேட்கிறது? எல்லாம் குற்றப்பத்திரிகைகள். கேட்கப்பட்டவர் காரணம் கூறுவதில்லை. தப்பும் வழியைத் தேடுகிறார். தோட்டப் பக்கத்திலே "என்னத்துக்கு?" என்ற சொல்லும் கங்காணியின் வாயிலிருந்து வந்தால் அப்படித்தான். கேட்பவர் அதை அறியா வினாவாகவே கேட்டிருக்கலாம். கேட்டவர் காதில் அது அறிவினாவாக, அதாவது பரீட்சையாக, விழுந்துவிடுகிறது.

இதைப் பிறர்மேல் ஏற்றிச் சொல்ல எமக்குத் தகுதியில்லை. நாம் கற்பிக்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டிலே, தோட்டத்திலிருந்து வந்து படித்த பிள்ளையொருவன், பின்னேர வகுப்பிலிருந்து அரைமணி நேரம் முன்னதாகச் செல்ல அனுமதி கேட்டான். "ஏன்?" என்றோம். கையில் வெண்கட்டியுடன், கரும்பலகைப் பக்கமிருந்து முகத்தைத் திருப்பாமலே கேட்டோம் என்பதும் நினைவிருக்கிறது. "ஒன்றுமில்லை, சேர்" என்று அமர்ந்துகொண்டான். நான்கு வாரம் இருந்து படித்தான். ஐந்தாம் வாரம் வரவில்லை. பின்பு வரவேயில்லை. கடைசி பஸ் போனபின், தேயிலைக்கு நடுவே இருட்டில் அவன் தனியே நடந்தே வீடு போய்க்கொண்டிருந்தான் என்பதை அவனுடைய வகுப்புத் தோழன் சொல்லி அறிந்தபோது, அவன் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்து மாதம் மூன்றாகியிருந்தது. "எத்தனை மணிக்கு பஸ், தம்பி?" என்று கேட்டிருந்தால் நாலு சொற்களில் முடிந்திருக்கும்.

இக்கதையை எமது மாணவரிடமும் கூறினோம். சிறிது நேரம் பேசாதிருந்தவர், "அப்படியென்றால் எழுதிக் கேட்பதைவிட நேரே போவோம், சேர்! நீங்களும் வாருங்கள்" என்றார். அடுத்த சனிக்கிழமை, புலமைப்பரிசில் வகுப்புக்காக அந்த ஆசிரியை பாடசாலைக்கு வருவார் என்று தெரிந்து, பண்டாரவளையில் பஸ் ஏறினோம். பூனாகலைப் பாதையை அறிந்தவர்களுக்கு அப்பயணத்தை விவரிக்க வேண்டியதில்லை. அறியாதவர்களுக்கு விவரித்துப் பயனில்லை. வளைவுகளை எண்ணத் தொடங்கியவர்கள் பாதியில் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

வழியிலே மாணவர் தம் தொழிலில் வழங்கும் ஒரு முறையைச் சொன்னார். ஜப்பானிலே டொயோட்டா வாகனத் தொழிற்சாலையில் தைஇச்சி ஓனோ என்னும் பொறியியலாளர், பழுது எதுவாயினும் ஐந்து முறை "ஏன்" என்று கேட்கும்படி பழக்கினாராம். 1978இல் வெளிவந்த தம் நூலில் அவர் கூறும் உதாரணம் இது: இயந்திரம் நின்றது ஏன்? பாரம் மிகுந்து மின்னுருகி எரிந்தது. பாரம் மிகுந்தது ஏன்? தாங்கியில் எண்ணெய்ப் பசை போதவில்லை. ஏன்? எண்ணெய் இறைக்கும் பம்பு சரியாக இறைக்கவில்லை. ஏன்? அதன் தண்டு தேய்ந்திருந்தது. ஏன்? வடிகட்டி இல்லாததால் இரும்புத் துகள் உள்ளே போயிற்று. மின்னுருகியை மட்டும் மாற்றியிருந்தால் மறுபடியும் எரிந்திருக்கும்.

அருமையான முறைதான். ஆனால் இயந்திரத்துக்கு ரோசமில்லை. இருபது ஆண்டு சேவையுள்ள ஆசிரியை ஒருவரிடம் ஐந்து முறை "ஏன்" என்று கேட்டால், மூன்றாவது முறையிலே அவர் எழுந்து போய்விடுவார். காரணத்தைக் காரணமாகக் கேட்காமல், காலமாகவும் இடமாகவும் கேட்கலாமே என்று மாணவருக்குச் சொன்னோம். "இது எப்போது வேண்டியிருக்கிறது? அப்போது எங்கே இருப்பீர்கள்? இது கிடைத்ததும் அடுத்து என்ன செய்வீர்கள்?" இவையும் "ஏன்" என்பதன் பிள்ளைகளே, தாயைப்போல் கடுமுகம் இல்லாதவை.

ஆசிரியை எங்களை வகுப்பறை வாங்கில் அமர்த்தித் தேநீர் வருவித்தார். மாணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டீச்சர், அந்த இலக்கக் கட்டம் வந்ததும் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்.

"என்ன செய்வேன், தம்பி! பிள்ளைகளைச் சரியான ஒழுங்கில நிறுத்துவேன். உங்க மெசினுக்கு அகரவரிசை தெரியாது. அம்பிகாவுக்கு முன்னாடி அமலாவைப் போடுது. கமலாவுக்கு முன்னாடி கனகா வர்றா. நான் பேர் கூப்பிடுற வரிசையிலதான் பிள்ளைகள் எழும்பி நிக்கும். ஒவ்வொரு நாளும் குழப்பம்."

மாணவர் எம்மைப் பார்த்தார். நாம் அவரைப் பார்த்தோம். இது அவ்வாசிரியையின் குறை மட்டுமன்று. உலகெங்கும் எழுத்துகளுக்குக் கணினியில் இடம் ஒதுக்கும் யுனிகோட் முறை 1991இல் வெளிவந்தபோது, இந்திய எழுத்துகளுக்கு 1988இல் இந்தியாவில் வகுக்கப்பட்ட வரிசையையே பின்பற்றியது. அதில் எல்லா மொழிகளின் எழுத்துகளும் ஒரே சட்டகத்தில் பொருத்தப்பட்டன. அதனாலேயே னகரம் நகரத்தின் பக்கத்திலும், றகரம் ரகரத்தின் பக்கத்திலும், ழகரம் ளகரத்துக்குப் பின்னாலும் போய் உட்கார்ந்தன. புள்ளியோ எல்லா மெய்களுக்கும் பின்னே தனியிடம் பெற்றது. இட எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் கமலாவை முந்திக்கொண்டு கனகா வருவாள்.

தமிழறிஞர் பலர் நெடுங்காலமாக விடுத்த பெரிய மாற்ற வேண்டுகோளும் இதனையொட்டியதே. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். ஒருமுறை ஒதுக்கிய இடத்தை மாற்றுவதில்லை என்பது யுனிகோட் அமைப்பின் விதி. தமிழ்நாட்டு அரசு 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டு வேளையில், யுனிகோட்டை ஏற்றதோடு, எல்லா எழுத்துகளுக்கும் இடம் தரும் 'டேஸ் 16' என்ற முறையையும் ஏற்று ஆணை பிறப்பித்தது. இதில் எமது கருத்தைச் சொல்லிவிடுகிறோம், அறிஞர்கள் பொறுப்பார்களாக. 247 இடங்கள் என்பது வேண்டுகோள். அதன் உள்ளே இருந்த தேவைகள் வேறு: அகரவரிசை சரியாக வரவேண்டும், 'அம்மா' என்பதை மூன்றெழுத்தாக எண்ண வேண்டும், கோப்பின் அளவு பெருக்கக்கூடாது. வரிசைக்குத் தனி அட்டவணையும், எண்ணுவதற்குத் தனி விதியும் உண்டு. இட எண்ணைத் தொடாமலே அவை வேலை செய்கின்றன. மூன்றாவது தேவைக்கு அவ்வளவு எளிய மருந்தில்லை. தேவைகளைத் தனித்தனியே பிரித்துப் பேசியிருந்தால் இருபுறத்தும் இவ்வளவு சூடு பிறந்திராது என்பதே எமது துணிபு.

மாணவர் மடிக்கணினியைத் திறந்தார். தமிழ் வரிசை அட்டவணையைப் பயன்படுத்தும்படி ஒரு வரியை மாற்றினார். அம்பிகா முன்னே வந்தாள். கனகா பின்னே போனாள். "இப்போதும் இலக்கக் கட்டம் வேண்டுமா, டீச்சர்?" என்றார். "எதுக்கு?" என்றார் ஆசிரியை.

இரண்டாவது வேண்டுகோளின் காரணம் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். பிறப்பு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பதியப்பட்டு, அந்த எழுத்திலிருந்து பெயர் மறுபடியும் தமிழுக்கு வரும்போது பழனியம்மா பலனியம்மாவாகியிருப்பாள். வீட்டில் அழைப்பது ஒரு பெயர்; தோட்டத்துப் பதிவில் ஒரு பெயர்; சாதாரணதரப் பரீட்சை விண்ணப்பத்தில், பிறப்புச் சான்றிதழில் கண்ட பெயர். "இன்னொரு கட்டம்" என்றால் ஒரே பிள்ளை இரு பிள்ளைகளாகப் பதிவாகிவிடும் என்று அஞ்சியிருந்த மாணவர், தேவையைக் கேட்டபின், ஒரு கட்டமும் போதாது, சேர்விலக்கத்தின் கீழ் எத்தனை பெயர் வடிவங்களையும் சேர்க்க இடம் வேண்டும் என்று தாமே கூறினார். கேட்டதைவிட அதிகமாகக் கொடுக்க நேர்வதும் உண்டு.

இடையே அதிபரும் வந்து, பாடசாலைச் சின்னத்தைத் திரையிலே பொன்னிறத்தில் போட முடியுமா என்றார். மாணவர் புதிதாகக் கற்ற பாடத்தை மறக்காமல் "அது எப்போது தேவைப்படும், சேர்?" என்று பணிவாகக் கேட்டார். "அழகாயிருக்கும்" என்றார் அதிபர். அழகும் ஒரு காரணமே. உடனே செய்து கொடுக்கப்பட்டது.

எஞ்சியது பூட்டு. மாணவர் வரும்போதே, இது சோம்பலின் வேண்டுகோள் என்று முடிவு கட்டியிருந்தார். எட்டு மணிக்குள் இடாப்பைப் பதிய விரும்பாத ஆசிரியர்கள் பகல் இரண்டு மணிக்குப் பதியப் பார்க்கிறார்கள் என்பது அவர் எண்ணம். அப்படி நடக்கக்கூடாது என்று அதிபர் கேட்டபடியால்தான் பூட்டையே வைத்தாராம். ஆகவே பூட்டுக்கும் ஒரு "ஏன்" இருந்தது. அதையும் நாம் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

"எட்டு மணிக்குப் பிறகு எந்த நேரத்தில் அதைத் திறக்க வேண்டியிருக்கிறது, டீச்சர்?"

ஆசிரியை சற்று நேரம் யன்னலுக்கு வெளியே பார்த்தார். மேலே மலை முழுவதும் முகில் இறங்கியிருந்தது.

"மழை நாளையில, தம்பி. மேல் லயத்துப் பிள்ளைகள் மழை விட்டுத்தான் இறங்கி வரும். ஒன்பது, ஒன்பதரை ஆகிடும். உங்க இடாப்பில அதுகள் வரவில்லைன்னு இருக்கும். வகுப்பில இருக்கும். மழை கூடினா சில தாய்மார் பதினொரு மணிக்கே வந்து கூட்டிட்டுப் போவாங்க. இடாப்பில வந்திருக்குன்னு இருக்கும். வகுப்பில இருக்காது."

மாணவர் இன்னும் விளங்காதவர்போல் இருந்தார். ஆசிரியை குரலை உயர்த்தாமல் தொடர்ந்தார்.

"மீரியபெத்தைக்கு அடுத்த நாள் நான் சனங்களைத் தங்க வச்ச இடத்தில பட்டியல் எழுதினேன், தம்பி."

2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை ஏழரை மணியளவில், கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்ணின் கீழ் புதைந்தன. பாடசாலைக்கு இறங்கிப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். காணாமற்போனோர் எத்தனை பேர் என்று முதல்நாட்களில் சொல்லப்பட்ட எண்ணிக்கைகள் ஒன்றோடொன்று பெரிதும் முரண்பட்டன. நூற்றுக்கணக்கில் தொடங்கிப் படிப்படியாகக் குறைந்தன. எஞ்சியோர் கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் பாடசாலைகளில் தங்கவைக்கப்பட்டனர். யார் இருக்கிறார், யார் இல்லை என்று சொல்லக்கூடிய ஒரே பட்டியல் கையில் இல்லாதபோது எண் எப்படி நிலைக்கும்? பின்னர் 2023 மார்ச்சில் பூனாகலைக் கபரகலையில் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் பதுளை மாவட்டத்தில் விளைத்ததை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்கும்படியும், 100 ஆனால் ஆயத்தமாகும்படியும், 150 ஆனால் வெளியேறும்படியும் கூறுகிறது. வெளியேறுவோர் யாரென்று எண்ணுவதற்கு முதலில் ஒரு பெயர்ப்பட்டியல் வேண்டும்.

இந்நாட்டில் இத்தகைய வேலைக்கு மென்பொருள் புதிதன்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் சில நாட்களிலேயே இலங்கைத் தொண்டர்கள் 'சஹன' என்னும் மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் அச்சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். சஞ்சீவ வீரவரண தொடங்கிய லங்கா சொவ்ட்வெயார் பவுண்டேஷன் அதற்குத் தாய்வீடாயிற்று. யாரைக் காணவில்லை, எந்த முகாமில் யார் இருக்கிறார், எங்கே என்ன தேவை, எந்த நிறுவனம் எங்கே உதவுகிறது என்பனவே அதன் முதற் பகுதிகள். 2005இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியிலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது உதவியது. அது நாடளாவிய ஏற்பாடு. எம் ஆசிரியை கேட்டது அதன் மிகச் சிறிய உடன்பிறப்பு: இந்நிமிடம் இக்கூரையின் கீழ் எந்தப் பிள்ளைகள் இருக்கின்றன?

பூட்டு எடுக்கப்படவில்லை. காலை இடாப்பு எட்டு மணிக்கு வழக்கம்போல் மூடிக்கொள்ளும். அதற்குக் கீழே, பிந்தி வந்தோர், முந்திச் சென்றோர் என இரு பகுதிகள் நாள் முழுவதும் திறந்திருக்கும். நேரம் தானாகப் பதியும். பிள்ளையை அழைத்துச் சென்றவர் பெயரும் அதில் ஏறும். பட்டியல் வகுப்புவாரியாக அன்றி லயம் லயமாகவும் வரும். இந்த இறுதி யோசனை மாணவருடையதுமன்று, எம்முடையதுமன்று. "அது கிடைத்ததும் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டபோது ஆசிரியை, "மேல் லயத்துப் பிள்ளைகளைத்தான் முதல்ல எண்ணுவேன்" என்றார். அவ்வளவுதான்.

மழை நாளில் மின்சாரமும் தொலைபேசி அலையும் முதலில் போய்விடும் என்பதால், ஒன்பதரை மணிக்குப் பட்டியலை ஒரு தாளில் அச்சிட்டுக் காரியாலய வாசலில் ஆணியில் மாட்டிவைப்பது என்றும் ஏற்பாடாயிற்று. மென்பொருள் எழுதுகிறவருக்குத் தாளைச் சிபாரிசு செய்வது சிறிது கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

மூன்று மணி பஸ்ஸுக்காக நாம் படியிறங்கும்போது மறுபடியும் தூறத் தொடங்கியது. ஆசிரியை முதலாவது அச்சுத் தாளைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்தார்.

"தம்பி! இந்த எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிசாப் போட ஏலுமா?"

பெரிதாக்கினால் ஒரு தாளில் அடங்காது; இரண்டு தாளாகும். மாணவர் அதைச் சொல்ல வாயெடுத்தார். பின், குடையை மடக்கிக்கொண்டு இரண்டு படி திரும்பி ஏறினார்.

"அதை எங்கே நின்று வாசிப்பீர்கள், டீச்சர்?"

"வெளிய, மைதானத்தில. கையில குடை இருக்கும். கண்ணாடி நனைஞ்சிருக்கும்."

பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் ஐந்தரைக்கு. நாம் மறுபடியும் வாங்கில் அமர்ந்தோம். மாணவர் மடிக்கணினியைத் திறந்தார்.